சாவிக்கொத்து தின்ற சுவிட்ச்
11 வருடப் பழைய பைக், ஓடும்போதே சாவி கையோடு வந்துவிடும், பள்ளத்தில் இறங்கினால் ஹாரனும் இண்டிகேட்டரும் சேர்ந்து செத்துப் பிழைக்கும். முதலில் காட்டிய கடையில் பிரித்துக்கூடப் பார்க்காமல் லாக் செட் (சாவி சுவிட்ச், பெட்ரோல் மூடிப் பூட்டு எல்லாம்) மொத்தமும் மாற்றணும் என்றார்கள். சரி, ஸ்பேர் விலையாவது விசாரிப்போம் என்று சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்குப் போனபோதுதான் பக்கத்துச் சந்தில் இந்த அண்ணனின் பைக் ரிப்பேர் கடை கண்ணில் பட்டது. சாவி போடும் இக்னிஷன் சுவிட்சின் அடித்தட்டைக் கழற்றி, கருகித் தேய்ந்த காண்டாக்ட்களை (மின்சாரம் பாயும் உலோக முனைகள்) காட்டினார். "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா கொஞ்ச நாள் ஓடும் தம்பி, அப்புறம் திரும்ப வருவீங்க." சுவிட்ச் மட்டும் மாற்றினோம், முக்கால் மணி நேர வேலை. பெட்ரோல் மூடிக்குப் பழைய சாவி, வண்டிக்குப் புதுசு, அது ஒரு தொல்லைதான். வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் கோத்த கொத்தைக் கழற்றச் சொன்னார், அதன் ஆட்டமே உள்ளே தேய்க்கிறதாம். கூலியைச் சொல்லிவிட்டுத்தான் கை வைத்தார். உட்கார இடமில்லை, ஞாயிறு விடுமுறை.