மழைக்காட்டு நாணயமா, பழைய 5 யுவானா, வெள்ளிப் பாண்டாவா?

சீனாவின் மைய வங்கியான சீன மக்கள் வங்கி வெளியிட்டுவரும் தேசியப் பூங்கா நினைவு நாணய வரிசையில் ஹைனான் தீவின் வெப்பமண்டல மழைக்காட்டுக்கும் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அதன்பின் காட்டுயிர் நாணயங்களைச் சேர்க்கும் நண்பர்கள் பலர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். அழிவின் விளிம்பில் நிற்கும் சீன விலங்குகளை நாணயத்தில் சேர்க்க நினைக்கும் ஒருவர், கையிலிருக்கும் அளவான பணத்தை இந்தப் புதிய நாணயத்தில் போடுவதா, 1993 முதல் 1999 வரை வெளிவந்த ‘அரிய காட்டுயிர்கள்’ 5 யுவான் தொகுதியில் போடுவதா, ஆண்டுதோறும் பாண்டா உருவத்தோடு வரும் ‘வெள்ளிப் பாண்டா’ எனும் வெள்ளி நாணயத்தில் போடுவதா என்பதே அக்கேள்வி. மூன்றும் ஒரே நாட்டின் நாணயங்கள்; மூன்றிலும் விலங்கே முதன்மை. ஆனால் ஒன்று வாழிடத்தைப் பற்றியது, ஒன்று உயிரினங்களின் பட்டியலைப் பற்றியது, மூன்றாவது அடிப்படையில் வெள்ளியைப் பற்றியது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள்தாம் பின்னால் வருந்துகிறார்கள்.

முதலில் மழைக்காட்டு நாணயம். 2021 அக்டோபரில் குன்மிங் நகரில் நடந்த உயிரியல் பன்மய மாநாட்டின்போது சீனா தன் முதல் ஐந்து தேசியப் பூங்காக்களை அறிவித்தது. மூநதி மூலம் (மூன்று ஆறுகள் பிறக்கும் பகுதி), பெரும் பாண்டா, வடகிழக்குப் புலி–சிறுத்தை, வூயி மலை ஆகியவற்றோடு ஐந்தாவதாக நின்றது ஹைனான் மழைக்காடு. ஐந்திலும் மிகச் சிறியவற்றுள் ஒன்றான அதன் பரப்பு 4,200 சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பாவாங்லிங், ஜியான்ஃபெங்லிங், வூஜிஷான் போன்ற மலைக்காடுகளை ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்து அமைத்தது அது. நாணயத்தின் முகமதிப்பு 10 யுவான். உலோகம் செப்புக் கலப்பு. வங்கி இதைப் ‘பொது நினைவு நாணயம்’ என்ற வகையில் சேர்க்கிறது. அதாவது சீனக் குடிமக்கள் வங்கிகளின் இணையதளத்தில் அடையாள எண்ணைக் கொடுத்து முன்பதிவு செய்து, ஓர் ஆளுக்கு இத்தனைதான் என்ற வரம்புக்குள், முகமதிப்புக்கே மாற்றிக்கொள்ளலாம். சட்டப்படி கடையில் கொடுத்துச் செலவழிக்கவும் செய்யலாம். யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் காட்டை நாணயத்துக்குத் தகுதியாக்கியது ஹைனான் கிப்பன் என்று சொன்னால் மிகையாகாது. உலகில் வேறெங்கும் இல்லாத இந்த வாலில்லாக் குரங்கு, இன்று பாவாங்லிங் மலைப்பகுதியில் மட்டுமே காட்டில் வாழ்கிறது. 1970களின் இறுதியில் பத்துக்கும் குறைவாகச் சுருங்கிவிட்ட இவ்வினம், 2003 கணக்கெடுப்பில் 13 ஆகவும், 2024 இல் 42 ஆகவும் எண்ணப்பட்டது. உலகிலுள்ள குரங்கினங்களிலேயே எண்ணிக்கையில் மிகக் குறைந்தது இதுதான் என்று வல்லுநர்கள் கூறுகின்றனர். வளர்ந்த ஆண் கருநிறம். வளர்ந்த பெண் பொன்னிறம், உச்சந்தலையில் மட்டும் கரும்பட்டை. பெரும்பாலான கிப்பன் இனங்கள் ஒரு ஆண், ஒரு பெண் என இணையாக வாழ, இங்கே ஒரு ஆணோடு இரு பெண்கள் சேர்ந்த குடும்பமே வழக்கம்.

காட்டின் உச்சிக்கிளைகளை விட்டுத் தரையிறங்க மறுக்கும் இவ்விலங்குக்கு மரங்களுக்கிடையே விழும் ஒரு வெற்றிடமே பெருந்தடை. 2014 இல் வீசிய ரம்மாசுன் புயலின்போது ஏற்பட்ட மண்சரிவால் ஒரு குடும்பத்தின் வழக்கமான பாதையில் சுமார் 15 மீட்டர் அகலத்துக்கு மரங்கள் இல்லாமல் போயின. 2015 இறுதியில் மலையேறுவோர் பயன்படுத்தும் உறுதியான கயிறுகளைக் கொண்டு ஆய்வாளர்கள் அங்கே ஒரு பாலம் கட்டினார்கள். கிப்பன்கள் அதை ஏறிட்டும் பார்க்காமல் நாட்களைக் கடத்தின. 176 நாட்கள் கழித்துத்தான் முதன்முறையாக ஒன்று அதில் கடந்தது. அதன்பின் சில கயிற்றின்மேல் நடந்தும், சில கீழ்க்கயிற்றைக் கால்களால் மிதித்து மேற்கயிற்றைக் கையால் பற்றியும் போய்வரத் தொடங்கின. ஒரு நாணயத்தின் வட்டத்துக்குள் அடங்காத கதை இது. ஆனாலும் இந்தக் கதை தெரிந்தவர் அந்த நாணயத்தைப் பார்ப்பதற்கும் தெரியாதவர் பார்ப்பதற்கும் வேறுபாடு உண்டு. ‘பூங்கா நாணயம்’ என்ற யோசனையை நான் மதிப்பது இதற்காகவே. தனித்த விலங்கைக் காட்டாமல், அது தொங்கும் கிளையையும் சேர்த்தே இந்த நாணயம் மதிப்புக்குரியதாக்குகிறது.

இனிப் பழைய 5 யுவான் தொகுதிக்கு வருவோம். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனெனில் மூன்றில் இதுவே குறைவாகப் பேசப்படுகிறது, நிறையச் சொல்லக்கூடியதும் இதுவே. 1993 இல் பெரும் பாண்டா, 1995 இல் பொன்னிறச் சப்பைமூக்குக் குரங்கு, 1996 இல் தென்சீனப் புலியும் பாய்ஜி எனும் யாங்சி ஆற்று ஓங்கிலும், 1997 இல் கொண்டை அரிவாள் மூக்கனும் செங்கொண்டைக் கொக்கும், 1998 இல் பழுப்புச் செவிக் காட்டுக்கோழியும் சீன முதலையும், 1999 இல் சீன ஸ்டர்ஜன் மீனும் பொன்னிற அலகு வண்ணத்துப்பூச்சியும் என மொத்தம் பத்து நாணயங்கள். செந்நிறச் செப்புக் கலப்புலோகத்தில் அச்சிட்டவை. ஒரு பக்கம் விலங்கும் முகமதிப்பும், மறுபக்கம் நாட்டின் பெயரும் ஆண்டும்.

இப்பத்தையும் தட்டில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடியில் இன்றைய நிலையை எழுதிப் பார்த்தால் தொகுதியின் உண்மையான மதிப்பு புலப்படும். கொண்டை அரிவாள் மூக்கன் உலகிலிருந்தே மறைந்துவிட்டதாக அஞ்சிய காலத்தில், 1981 இல் ஷான்ஷி மாகாணத்தின் யாங் வட்டத்தில் ஏழு பறவைகள் கண்டெடுக்கப்பட்டன. அந்த ஏழிலிருந்து பெருக்கிய வழித்தோன்றல்கள் இன்று ஆயிரக்கணக்கில் பறக்கின்றன. பாண்டா 2016 இல் ‘அழியும் நிலை’யிலிருந்து ‘பாதிக்கப்படக்கூடியது’ என்ற ஒருபடி மேலான நிலைக்கு மாற்றப்பட்டது. தென்சீனப் புலியைக் காட்டில் கண்டு நீண்ட காலமாகிவிட்டது. இன்று எஞ்சியிருப்பவை கூண்டில் வளர்பவை. பாய்ஜிக்கோ அந்த ஆறுதலும் இல்லை. 1980 இல் மீட்கப்பட்டு வூஹானில் வளர்க்கப்பட்ட சிச்சி என்ற ஆண் ஓங்கில் 2002 இல் இறந்தது. 2006 இன் இறுதியில் யாங்சி ஆற்றில் ஆறு வாரங்கள் தேடிய பன்னாட்டுக் குழு ஒன்றைக்கூடக் காணவில்லை. அச்சடித்துப் பத்தே ஆண்டுகளில், 1996 ஆம் ஆண்டு நாணயம் உயிருள்ள விலங்கின் படமாக இருந்ததிலிருந்து நினைவுச்சின்னமாக மாறிவிட்டது. ஸ்டர்ஜன் மீனும் அதே ஆற்றினது. 1981 இல் கெசூபா அணை ஆற்றை அடைத்ததிலிருந்து முட்டையிட மேலேறிப் போகும் பழைய வழி அதற்கு அறுந்துபோனது.

இத்தொகுதியின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1990களில், பத்தில் பெரும்பாலான விலங்குகளைவிட அரிதாகிக் கிடந்த ஹைனான் கிப்பனுக்கு அதில் இடமில்லை. தெரிவு செய்தவர்கள் பாண்டாவையும் கொக்கையும் போலப் பெரும்பாலும் முகம் தெரிந்த உயிர்களையே எடுத்தார்கள். பொன்னிற அலகு வண்ணத்துப்பூச்சி ஹைனானிலும் வாழ்கிறது என்பதால் அத்தீவுக்கு ஒரு மெல்லிய தொடர்பு கிடைத்தது, அவ்வளவே. அந்த வெற்றிடத்தைத்தான் பூங்கா நாணயம் இப்போது நிரப்புகிறது. ஆகவே இவ்விரண்டையும் போட்டியாளர்களாகப் பார்ப்பதைவிட, முன்னதன் தொடர்ச்சியாகப் பின்னதைப் பார்ப்பது பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பணம் ஒன்றுக்கு மட்டுமே போதும் என்றால், தேர்வு பழையதன் பக்கமே.

வெள்ளிப் பாண்டா வேறொரு வகையைச் சேர்ந்தது. 1982 இல் தங்கத்திலும் 1983 இல் வெள்ளியிலும் தொடங்கிய இவ்வரிசையில், தலைப்பக்கத்தில் பெய்ஜிங்கின் சொர்க்கக் கோயிலில் உள்ள வேண்டுதல் மண்டபத்தின் மூன்றடுக்குக் கூரை நிலைத்திருக்க, மறுபக்கத்துப் பாண்டா மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. 2002 இல் மட்டும் முந்தைய ஆண்டின் படமே மறுபடி வந்தது. 1989 முதல் 2015 வரை ஒரு டிராய் அவுன்ஸ் (சுமார் 31.1 கிராம்) எடையில் வந்த வெள்ளி நாணயம் 2016 முதல் 30 கிராம் ஆனது. அதற்கு முந்தைய 2015 ஆம் ஆண்டு நாணயத்தில் எடையும் தூய்மையும் பொறிக்கப்படாமலே விடப்பட்டதால், அந்த ஆண்டுக்குரியது போலியோ என்று பயந்து திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. அது அச்சுப்பிழையும் அன்று, போலியும் அன்று.

வேடிக்கை என்னவென்றால், இதன் முகமதிப்பும் 10 யுவான்தான். மழைக்காட்டு நாணயமும் 10, 99.9 விழுக்காடு தூய்மையுள்ள 30 கிராம் வெள்ளியும் 10. ஆனால் முன்னதன் விலையைத் தாங்குவது சேகரிப்போரின் விருப்பம் ஒன்றே. பின்னதன் விலையை முதலில் தாங்குவது வெள்ளிச் சந்தை. வெள்ளி விலை சரிந்தாலும் உலோகம் கையில் இருக்கும் என்ற துணிச்சல் அதனால் வருகிறது. அதற்குப் பதில், அந்தப் பாண்டா எந்தக் காட்டில் வாழ்கிறது, எந்த மூங்கிலைத் தின்கிறது, எத்தனை மீதி இருக்கிறது என்ற கேள்விக்கே இடமில்லை. அது நாட்டின் முத்திரையாக மாறிப்போன விலங்கு. பாண்டா நாணயத்தை நான் இகழவில்லை. அழகில் மூன்றிலும் அதற்கே முதலிடம் கொடுப்பேன். அழியும் உயிர்களைச் சேர்க்கிறேன் என்று சொல்பவர் அதை வாங்கி நிறுத்திக்கொள்வதுதான் பொருந்தவில்லை.

நடைமுறைச் சிக்கல்களில் மூன்றுக்கும் வேறு வேறு தலைவலி உண்டு. வெள்ளிப் பாண்டாவுக்கு முதல் எதிரி போலி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாணயக் கண்காட்சியில் நான் பேரம் பேசி மகிழ்ச்சியோடு வாங்கிய பாண்டா, வீட்டில் நகைத் தராசில் வைத்தபோது 23 கிராம்கூடக் காட்டவில்லை. கூரையின் ஓடுகளுக்கிடையே இருக்க வேண்டிய நுண்ணிய கோடுகள் மெழுகு உருகியதுபோல் வழிந்திருந்ததைக் கையில் எடுத்தபோதே கவனித்திருக்க வேண்டும். குறைந்த விலை கண்ணை மறைத்துவிட்டது. அன்றிலிருந்து சிறு தராசும் விட்டம் அளக்கும் கோலும் இல்லாமல் நான் வெள்ளி வாங்குவதில்லை: 2016 முதலானவற்றுக்கு 30 கிராம் எடை, 40 மில்லிமீட்டர் விட்டம், காந்தத்தில் ஒட்டாமை ஆகிய மூன்றும் கூடிவந்தால்தான் பேச்சைத் தொடங்குவது. பிற்கால நாணயங்களில் தொழிற்சாலையிலிருந்தே வந்த கேப்சூலை (நாணயத்தை மூடிவைக்கும் ஒளிபுகும் கூட்டை) உடைக்காமல் வைத்திருப்பவரிடம் வாங்குவது நல்லது. ஆனால் கேப்சூலும் போலியாகக் கிடைக்கிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பழைய 5 யுவானுக்கு எதிரி சேமிப்பு முறை. செம்புக் கலப்பு என்பதால் வியர்வைபட்ட விரலால் தொட்ட இடம் சில மாதங்களில் கைரேகையோடு கருக்கும். மென்மையான பிவிசி உறைகள் கொண்ட ஆல்பத்தில் பத்தாண்டுகள் கிடந்த நாணயங்களின்மேல் பிசுபிசுப்பான பச்சைப் பூச்சு படிந்திருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அத்தகையதை எலுமிச்சை கொண்டோ புளி கொண்டோ தேய்த்துப் ‘பளபளக்க’ வைத்து விற்பவரிடமிருந்து விலகியிருங்கள். தேய்த்த செம்பு இளஞ்சிவப்பாக, உயிரற்றதாகத் தெரியும். பத்தையும் ஒரே தொகுதியாக, ஆண்டு வரிசை கலையாமல் வாங்க முடிந்தால் நல்லது. தனித்தனியாகத் தேடும்போது 1993 ஆம் ஆண்டுப் பாண்டாவுக்கு, பாண்டா என்ற ஒரே காரணத்துக்காக, மற்றவற்றைவிடக் கூடுதல் விலை கேட்பார்கள்.

மழைக்காட்டு நாணயத்துக்கு இப்போதைக்குப் போலி ஒரு பெரிய பிரச்சினையல்ல. முகமதிப்பே குறைவு, பெருமளவில் அச்சடிக்கும் வகை. அங்கே தலைவலி விலை. சீனாவுக்குள் முகமதிப்புக்கே கிடைப்பது, வெளியில் இருப்பவருக்கு விற்பனையாளர் வழியாக மட்டுமே வருவதால், வெளியான முதல் வாரங்களில் பல மடங்கு விலை ஒட்டிக்கொள்கிறது. பொது நினைவு நாணயங்களின் விலை வெளியீட்டு ஆரவாரம் தணிந்ததும் கீழிறங்குவதை இதற்கு முந்தைய வரிசைகளில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே அவசரப்பட வேண்டியதில்லை. ஒருவருடம் பொறுத்தால் அதே நாணயம் குறைந்த விலையில், சில நேரம் பூங்கா வரிசையின் மற்ற நாணயங்களோடு சேர்ந்தும் கிடைக்கும்.

என்னிடம் ஆலோசனை கேட்பவருக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். முதலில் 1996 ஆம் ஆண்டுப் பாய்ஜியை மட்டும், தேய்க்காத நல்ல நிலையில் தேடி வாங்குங்கள். அடுத்து 1997 இன் அரிவாள் மூக்கன். அந்த இரண்டும் கிடைத்தபின், அவசரமின்றி மழைக்காட்டு நாணயத்தை வாங்கி அவ்விரண்டுக்கும் நடுவில் வையுங்கள். வெள்ளிப் பாண்டா வேண்டுமென்றால் வேறு பெட்டியில், நகைகளோடு வைத்துக்கொள்ளலாம்.