ஏற்காட்டு இடைமாடி வீட்டுக்கு எந்தத் தரை? லேமினேட், எஸ்.பி.சி., எஞ்சினியர்டு வுட், டைல்ஸ்: ஓர் ஒப்பீடு

ஏற்காட்டில் உயரமான ஹாலுக்குள் இரும்புச் சட்டத்தில் இடைமாடி போட்ட வீடென்றால், லேமினேட் தரையை முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். 8 மி.மீ. பலகை பார்வைக்குத் தேக்கு மாதிரிதான் இருக்கும், விலையும் கையைக் கடிக்காது. ஆனால் உள்ளே இருப்பது அழுத்திய மரத்தூள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், பனிமூட்டம் ஜன்னல் வழியே வீட்டுக்குள் வந்துபோகும் இடத்தில், பலகை பூட்டும் ஓரங்கள் ஈரம் குடித்து உப்பிவிடும். உப்பிய ஓரம் காய்ந்தாலும் பழைய மட்டத்துக்கு இறங்காது.

எஸ்.பி.சி. தண்ணீருக்கு அசையாது. கல்தூளும் பி.வி.சி. பிளாஸ்டிக்கும் கலந்த 5 மி.மீ. பலகை, வாடகைக்கு விடும் வீட்டுக்கு அதுவே போதும். பெரிய கண்ணாடி ஜன்னலுக்கு நேரே போட்டால் மட்டும் வெயிலில் விரிந்து தூக்கும்.

சொந்தமாகத் தங்கும் வீட்டின் மேல்தளத்துக்கு எங்கள் தேர்வு எஞ்சினியர்டு வுட்: 14 அல்லது 15 மி.மீ. கனம், உள்ளே ப்ளைவுட், மேலே குறைந்தது 3 மி.மீ. ஓக் அல்லது தேக்குத் தோல். கடையில் பலகையின் வெட்டுமுகத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். 0.6 மி.மீ. தோல் ஒட்டியதும் இதே பெயரில்தான் விற்கிறது. அதைத் தேய்த்து மறுபடி பாலிஷ் போட வழியே இல்லை.

எடையும் இதற்குச் சாதகம். மரத்தரை சதுர மீட்டருக்குச் சுமார் 10 கிலோ. 9 மி.மீ. விட்ரிஃபைட் டைல் மட்டுமே 20 கிலோ. அடியில் வழக்கம்போல 40 மி.மீ. சிமெண்ட் கலவை போட்டால் இன்னும் 80 கிலோ ஏறும். இந்தப் பாரத்தைக் கணக்கில் சேர்க்காமல் சட்டம் அடித்திருந்தால் அது தொய்யும். முதலில் டைல் இடுக்கை அடைக்கும் கிரவுட் கோடு விரியும், அப்புறம் டைலே கீறும்.

மேல்தளத்தில் 400 மி.மீ. இடைவெளியில் இரும்புக் குறுக்குச் சட்டம், அதன்மேல் 18 மி.மீ. தண்ணீர் தாங்கும் ப்ளைவுட். ஆணி கூடாது, ஸ்க்ரூதான். ஆணி நாளடைவில் தளர்ந்து, நடக்கும்போதெல்லாம் கிறீச்சிடும். மரப்பலகை சட்டத்துக்குக் குறுக்காக ஓட வேண்டும். சுவரோரம் 10 முதல் 12 மி.மீ. இடம் விட்டு ஸ்கர்ட்டிங்கால் மூடுங்கள். வேலைக்காரர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். சுவரை ஒட்டி அடித்துவிட்டால், மழைக்காலத்தில் பலகை விரிய இடமில்லாமல் நடுவில் எழும்பும். இன்னொன்று: சேலத்து குடோனில் உலர்ந்து கிடந்த பலகையை மலைக்குக் கொண்டுபோன அன்றே பதிக்கக் கூடாது. போடும் அறையிலேயே பெட்டியைப் படுக்கவைத்து 48 முதல் 72 மணி நேரம் விடுங்கள். நடைச்சத்தம் கீழே கேட்காமலிருக்க 3 மி.மீ. கார்க் விரிப்பு நன்றாக உதவும்.

கீழே வாசலுக்கும் சமையலறைக்கும் டைல்ஸ்தான். மரச்சாயல் கொண்ட 200 × 1200 மி.மீ. டைலின் நடுப்பகுதி சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அதைச் செங்கல் கட்டுபோலப் பாதிக்குப் பாதி மாற்றிப் பதித்தால், ஒன்றின் நடுமேடும் பக்கத்து டைலின் ஓரமும் சந்தித்து விரல் தடுக்கும். மூன்றில் ஒரு பங்கு மட்டும் மாற்றிப் பதிக்கச் சொல்லுங்கள். டைலின் பின்பக்க வெள்ளைப் பொடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிய பிறகே கம் (டைல் ஒட்டும் பசை) தடவ வேண்டும். விட்ரிஃபைடுக்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தரத்தில் டைப் 2 கம். சிமெண்ட் பால் ஊற்றிப் பதித்தால் பிடிமானம் போய், தட்டும்போது வெற்றுச் சத்தம் வரும்.

சமையலறையின் அறுகோண டைல் ஹால் மரத்துக்குள் நுழைவதுபோன்ற டிசைன் பார்க்க அழகு, செய்யக் கடினம். அந்தப் பகுதியில் மரத்தை விரிப்பின்மேல் ஒட்டாமல் மிதக்க விடாமல், தரையோடு பசை போட்டு ஒட்ட வேண்டும். சந்திப்பில் கிரவுட் அடித்தால் முதல் மழைக்கே வெடிக்கும். கார்க் பட்டையோ பாலியூரித்தேன் சீலண்டோதான் நிற்கும். மட்டத்தையும் முன்பே கணக்கிடுங்கள்: டைல் 9, கம் 4, ஆக 13 மி.மீ.; மரம் 14, பசை 1, ஆக 15. அந்த 2 மி.மீ. வித்தியாசத்தை டைல் பக்கத்து ஸ்க்ரீடிலேயே (அடித்தளச் சிமெண்ட் பூச்சு) ஏற்றிவிடுவது நல்லது. ஸ்க்ரீட் போட்டு 28 நாள் ஆனபின் பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் வையுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தால் மர வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

மரம், டைல் இரண்டிலும் 10 சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். பின்னால் ஒரு பலகை மாற்ற வேண்டியிருந்தால் அதே நிறம் கடையில் கிடைப்பது அரிது.