கார்பாலிக் புகைப் பந்து: 10 ஷில்லிங்குக்குத் தகுமா?

ஜலதோஷத்தையும் இன்ஃப்ளூயன்சாக் காய்ச்சலையும் தடுக்கும் என்று சொல்லி விற்ற பந்து. விலை 10 ஷில்லிங், தபால் செலவு தனியாக இல்லை. உள்ளே இருக்கும் தூள் தீர்ந்தால் மறுபடி நிரப்பித் தர 5 ஷில்லிங். கம்பெனி முகவரி: லண்டன், ஹானோவர் சதுக்கம், பிரின்சஸ் தெரு, எண் 27. எல்லாம் 1891-ஆம் ஆண்டு நிலவரம்.

இன்றைக்கு வாங்கவே முடியாத பொருளுக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். சட்டம் படித்த யாரைக் கேட்டாலும் இந்தப் பந்தைத் தெரியும். இதை வாங்கி ஏமாந்த லூயிசா கார்லில் என்ற பெண் கம்பெனிமேல் போட்ட வழக்கு, ஒப்பந்தச் சட்டப் பாடத்தின் ஆரம்பத்திலேயே வந்துவிடும். முன்மொழிவு, ஏற்பு, பிரதிபலன் என்று தீர்ப்பை மனப்பாடம் செய்துவிட்டு எல்லோரும் அடுத்த வழக்குக்குப் போய்விடுவார்கள். எனக்கு மாணவியாக இருந்தபோதே பந்தின் மேல்தான் கண். அதை எப்படிப் பயன்படுத்தினார்கள், வாங்கியவர்கள் என்ன எழுதினார்கள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. எதை வாங்கினாலும் முதலில் மற்றவர்களின் கருத்துகளைத் தேடிப் படிக்கும் ஜாதி நான். அந்தப் பழக்கத்தில் எழுதுகிறேன்.

பொருள் இதுதான்: ஒரு ரப்பர் பந்து, அதில் ஒரு குழாய், உள்ளே கார்பாலிக் அமிலம் சேர்த்த பொடி. குழாயை மூக்கில் வைத்துப் பந்தை அமுக்கினால், மெல்லிய துணி வழியாகப் பொடி புகைபோலக் கிளம்பும். அதை உள்ளே இழுக்க வேண்டும். நெருப்பும் கிடையாது, நிஜப் புகையும் கிடையாது. கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனால். பழைய ஆஸ்பத்திரி வாடை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருகிற அந்த நெடி. 1860-களில் ஜோசப் லிஸ்டர் அதைக் காயங்களில் பயன்படுத்திச் சீழ் பிடிப்பதைக் குறைத்துக் காட்டியிருந்ததால், அந்தப் பெயருக்கே அப்போது ஒரு மரியாதை இருந்தது. காயத்துக்கு ஆகிற சரக்கு மூக்குக்கும் ஆகும் என்று ஃபிரடெரிக் ரோ என்பவர் முடிவு கட்டி, பந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். மூக்குக்குள் போனால் அது செய்வது எரிச்சல்தான். தும்மல் வரும், மூக்கு ஒழுகும். போட்ட காசுக்கு ஏதோ நடக்கிறது என்று வாங்கியவருக்குத் தெரியும். இந்த ஒன்றில் பந்துக்கு முழு மதிப்பெண்.

காலமும் ரோவுக்குக் கைகொடுத்தது. 1889-இன் கடைசியில் தொடங்கிய, இன்ஃப்ளூயன்சா என்று கருதப்பட்ட ‘ரஷ்யக் காய்ச்சல்’ அலை அலையாக இங்கிலாந்தைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தது. மனிதரிடமிருந்து இன்ஃப்ளூயன்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-இல்தான் என்றால், அன்றைய டாக்டர்களின் கையில் என்ன இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். பண்ணைக் கூலிக்காரர் ஒருவருக்கு வாரம் முழுக்க உழைத்தாலும் 15 ஷில்லிங் கிடைப்பது கஷ்டம். ஆகவே 10 ஷில்லிங் பந்து அவருக்கானது அல்ல. விளம்பரமோ, ஒரு பந்து ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் வரும், இந்த விலைக்கு உலகிலேயே மலிவான மருந்து இதுதான் என்று அடித்துச் சொன்னது.

நான் அதிக நேரம் நின்றது அந்த விளம்பரங்களில் வரும் நற்சான்றுகளில். போர்ட்லண்ட் டியூக், நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஃபிரடெரிக் மில்னர், லேடி எர்ஸ்கின், லேடி மோஸ்டின், ஓபரா பாடகி அடெலினா பாட்டி என்று பட்டியல் பளபளக்கிறது. பெயர்களை விட்டுவிட்டு வாசகங்களை மட்டும் படித்தால் கதை வேறு. டியூக் எழுதியது ஒரே வரி. நீங்கள் அனுப்பிவைத்த பந்துக்கு மிக்க நன்றி, நல்ல பலன் தருகிறது என்கிறார். ‘நீங்கள் அனுப்பிவைத்த’ என்கிறாரே, அப்படியானால் 10 ஷில்லிங் கொடுத்து வாங்கவில்லை போலிருக்கிறது. ஓசியில் வந்த பொருளுக்கு நாகரிகம் தெரிந்த மனிதர் எழுதும் நன்றிக் கடிதம் அது. ரோ அதைத் தூக்கி விளம்பரத்தில் வைத்துவிட்டார். லேடி எர்ஸ்கினுக்குத் திருப்தி, நல்ல கண்டுபிடிப்பு என்கிறார். என்ன நோய், எத்தனை நாளில் போயிற்று என்று மூச்சு விடவில்லை. மில்னர் 1890 மார்ச்சில் பிரான்சின் நீஸ் நகரிலிருந்து எழுதுகிறார், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் நல்ல பயன் என்று. நீஸ், பணக்கார ஆங்கிலேயர்கள் குளிருக்குத் தப்பி ஓடிப்போய்த் தங்குகிற ஊர். அங்கே பந்துக்கு வேலை கொஞ்சம் சுலபம்தான்.

பாடகி ஒருவர்தான் ஏதோ உருப்படியாகச் சொல்கிறார்: கடுமையான ஜலதோஷத்தில் இரவு நிம்மதியாகப் படுக்க முடிந்தது இதனால்தான் என்று. அதை நான் நம்புகிறேன். நம்பினாலும் அதில் இன்ஃப்ளூயன்சா எங்கே இருக்கிறது? இந்த ஐந்து பேரில் ஒருவர்கூட வீட்டில் எல்லோரும் காய்ச்சலில் விழுந்தார்கள், நான் மட்டும் பந்தால் பிழைத்தேன் என்று எழுதவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாதபடி பெயரைப் பெரிதாகவும் சங்கதியைச் சின்னதாகவும் அடுக்கியிருக்கிறார்கள்.

பக்கத்துக் கடைச் சரக்கையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். பீச்சம்ஸ் மாத்திரையின் புகழ்பெற்ற வாசகம் ‘ஒரு பெட்டி ஒரு கினி பெறும்’ என்பது. ஒரு கினி 21 ஷில்லிங். பெட்டி விற்றதோ 1 ஷில்லிங் 1½ பென்னிக்கு. 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் அந்த மாத்திரையைப் பரிசோதித்து வெளியிட்டதில் இருந்தது மூசாம்பரம், சுக்குத் தூள், சோப்பு. 56 மாத்திரைக்கான சரக்கின் அடக்கம் அரை ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் எட்டில் ஒரு பங்கு. விற்ற விலை அதைப் போல நூறு மடங்குக்கு மேல். ஆனாலும் மூசாம்பரம் வயிற்றைச் சுத்தம் செய்யும் சரக்கு. மலச்சிக்கலில் அவதிப்பட்டவர் மனம் நிறைந்து கடிதம் எழுதியிருந்தால் அது நியாயமான கடிதம். விலையிலிருந்த அந்த 1½ பென்னி அரசு முத்திரை வரி. வரி கட்டியதற்கு ஒட்டிய வில்லையைப் பார்த்துவிட்டு, மருந்துக்கே அரசாங்கம் சான்று கொடுத்திருக்கிறது என்று நினைத்தவர்கள் ஏராளம். கம்பெனிக்காரர்கள் எதற்கு மெனக்கெட்டு அதைத் திருத்தப் போகிறார்கள்? அதோடு ஒப்பிட்டால் ரோவின் சரக்கு விலையும் அதிகம், பலனும் கம்மி. பீச்சமாவது சொன்ன நேரத்துக்கு வேலையைக் காட்டும்.

சரி, உத்தரவாதத்துக்கு வருவோம். 1891 நவம்பர் 13, பால் மால் கெசட் பத்திரிகை. பந்தைத் தினம் மூன்று வேளை வீதம் இரண்டு வாரம், கொடுத்த குறிப்புப்படி பயன்படுத்திய பிறகும் இன்ஃப்ளூயன்சா வந்தால் 100 பவுண்டு தரப்படும் என்றது விளம்பரம். அதோடு விட்டிருந்தால் ரோ தப்பித்திருப்பார். இதில் எங்களுக்குள்ள அக்கறைக்கு அடையாளமாக ரீஜன்ட் தெரு அலையன்ஸ் வங்கியில் 1,000 பவுண்டு போட்டு வைத்திருக்கிறோம் என்று ஒரு வரி சேர்த்தார்.

லூயிசா கார்லில் அதை நம்பி நவம்பர் 20-ஆம் தேதி ஒரு பந்து வாங்கினார். விடாமல் மூன்று வேளையும் இழுத்தார். ஜனவரி 17 அன்று காய்ச்சல் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்புதான், விக்டோரியா ராணியின் பேரன், பட்டத்துக்கு வரிசையில் இரண்டாவதாக இருந்த இளவரசர் ஆல்பர்ட் விக்டர், இதே காய்ச்சல் நிமோனியாவாக முற்றி இறந்திருந்தார். கார்லில் பிழைத்துக்கொண்டார், 1942-இல், 96-ஆம் வயதில்தான் காலமானார்.

வாடிக்கையாளர் சேவை எப்படி? மோசம். பரிசுப் பணம் கேட்டு, சட்டம் தெரிந்த அவருடைய கணவர் கடிதம் போட்டார். முதலில் பதிலே இல்லை. விடாமல் எழுதிய பிறகு ஒரு பதில் வந்தது: ஏமாற்றுக்காரர்களிடமிருந்து எங்களைக் காத்துக்கொள்ள வேண்டும், ஆகவே அம்மையார் தினமும் எங்கள் ஆபீசுக்கு வந்து, எங்கள் காரியதரிசி முன்னால் பந்தைப் பயன்படுத்த வேண்டும் என்று. காய்ச்சல் வந்து போனவரிடம் சொல்கிறார்கள் இதை!

நீதிமன்றத்தில் கம்பெனிக்காக முதல் சுற்றில் வாதாடியவர் ஆஸ்க்வித், பிற்பாடு 1908-இல் பிரதமர் ஆனவர். அப்படியும் தோற்றார்கள். மேல்முறையீட்டில் 1892 டிசம்பர் 7-ஆம் தேதி மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகக் கார்லில் பக்கம். விளம்பரத்தில் எல்லோரும் அள்ளிவிடுவதுதானே, அதை யாராவது நிஜமாக எடுத்துக்கொள்வார்களா என்ற வாதத்தை நீதிபதி லிண்ட்லி ஏற்கவில்லை. விளையாட்டுக்குச் சொன்னவர் எதற்கு வங்கியில் 1,000 பவுண்டு போட்டேன் என்று சொல்ல வேண்டும்?

இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே இந்த இடத்துக்காகத்தான். ரோவின் விளம்பரங்களில் இரண்டு வகை வாக்கியங்கள் இருக்கின்றன. பணத்தைக் கட்டிச் சொன்ன வாக்கியம் ஒன்று. அதைப் பிடித்து இழுத்து, ஒரு பெண் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வைக்க முடிந்தது. மற்றவை டியூக்கும் லேடிகளும் சொன்னவை. அவற்றைப் படித்துத்தான் பந்தை வாங்கினேன் என்று யாராவது வழக்குப் போட்டிருந்தால் யாரைக் கூண்டில் ஏற்றுவது? டியூக் நன்றி சொன்னார், அவ்வளவுதான். நற்சான்றில் யாரும் யாருக்கும் எந்த வாக்கும் கொடுப்பதில்லை. வியாபாரிக்கு அதைவிடச் சௌகரியமான சரக்கு கிடையாது.

ரோவுக்கும் இது புரிந்திருக்க வேண்டும். தோற்ற சில வாரங்களிலேயே, 1893 பிப்ரவரியில், புது விளம்பரம் போட்டார். ஆயிரக்கணக்கில் பந்து விற்றும் மூன்றே பேர்தான் 100 பவுண்டு கேட்டு வந்தார்கள், ஆகவே இந்த மருந்து கைகண்டது என்று நிரூபணம் ஆகிவிட்டதாம். தோல்வியையே நற்சான்றாக அச்சடித்த சாமர்த்தியத்துக்காக விளம்பரம் எழுதியவருக்கு ஐந்துக்கு ஐந்து. பந்துக்கு ஒன்று, அதுவும் அந்தத் தும்மலுக்காக. நற்சான்றுகள் அதே பளபளப்போடு தொடர்ந்தன. பரிசு 200 பவுண்டாக ஏறியிருந்தது. ஆஸ்துமா, கக்குவான், தொண்டை அடைப்பான் என்று நோய்களும் வரிசையாக வந்து சேர்ந்திருந்தன. கூடவே ஒரு நிபந்தனை. பந்தைத் தொடுவதற்கு முன்பே கம்பெனியிடம் விதிமுறைகளைக் கேட்டு வாங்கி, கையெழுத்திட்ட பிரதியை லண்டன் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும். சலுகையும் மார்ச் 25 வரைக்கும்தான். அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் அவரவர் பாடு.