நாய்க் கட்டிக்கு ஊசிப் பரிசோதனை: காட்பாடி பக்கத்துக் கிளினிக் ஒன்று எப்படி?

புற்றுநோய் வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்துகூட ரயில் ஏறி வருகிற ஊர் வேலூர். அதே ஊரில் நாய்க்கு ஒரு கட்டி வந்தால், "கொழுப்புக் கட்டிதான், விடுங்க" என்று மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் போட்டு மூன்று மாதத்தைப் போக்கிவிடுகிறார்கள். அதனால்தான் காட்பாடி பக்கம் ஒரு தனியார் கிளினிக் செய்யும் கட்டிப் பரிசோதனையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம். ஐந்துக்கு மூன்றரை.

மதிப்பெண்ணில் பெரும்பகுதி கை வைத்துப் பார்க்கும் முறைக்குத்தான். நாம் காட்டுகிற கட்டியோடு டாக்டர் நிற்பதில்லை. தாடைக்கு அடியில், தோளுக்கு முன்னால், பின்னங்கால் முட்டிக்குப் பின்புறம் என்று நெறி கட்டும் இடங்களை எல்லாம் தடவிப் பார்க்கிறார். வாயைத் திறந்து ஈறு, நாக்கின் அடிப்பக்கம். பெட்டை நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, ஒவ்வொரு முலைக்காம்பையும் அதைச் சுற்றிய சதையையும் விரலால் உருட்டிப் பார்க்கிறார். கடைசி இரண்டு ஜோடிகளில்தான் கட்டி அதிகம் வரும். தொடை மறைப்பதால் வீட்டில் யார் கண்ணிலும் படாது. கண்டதைக் காலிப்பரால் மில்லிமீட்டரில் அளந்து, நாய்ப் படம் அச்சிட்ட தாளில் இடம், தேதியோடு குறித்துத் தருகிறார்கள். "நெல்லிக்காய் அளவு இருந்துச்சு" என்று அடுத்த மாதம் போய்ச் சொன்னால், வளர்ந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தத் தாள் சொல்லும்.

அடுத்து ஊசி. 22 கேஜ் ஊசி, 5 மில்லி சிரிஞ்ச். கட்டிக்குள் மூன்று நான்கு திசையில் செலுத்தி, வந்ததைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துக் காற்றில் உலர்த்துகிறார்கள். மயக்க மருந்து தேவையில்லை. தடுப்பூசிக்கு நிற்கிற நாய் இதற்கும் நிற்கும். குத்தினால் பரவிவிடும் என்ற பயம் தோல் கட்டிக்கும் மடிக் கட்டிக்கும் வேண்டாம். சிறுநீர்ப்பைக் கட்டியில் மட்டும் அந்தப் பயத்துக்கு நியாயம் உண்டு. அங்கே ஊசி போன வழியே நோயும் வரலாம். ஒரு நாள் வீங்கி மறுநாள் வடியும் கட்டி என்றால் அழுத்திப் பிசையாதீர்கள். மாஸ்ட் செல் கட்டியாக (தோலில் வரும் ஒரு வகைப் புற்று) இருந்தால் உள்ளிருக்கும் ஹிஸ்டமின் என்ற ரசாயனம் வெளிப்பட்டு, சுற்றிலும் சிவந்து தடித்துவிடும்.

மடிக் கட்டி நல்லதா கெட்டதா என்று ஊசி உறுதியாகச் சொல்லாது. அறுத்தெடுத்து, கட்டியைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலினில் போட்டு அனுப்ப வேண்டும். கத்தி வைக்கும் முன் இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க என்று மூன்று கோணத்தில் நெஞ்சு எக்ஸ்ரே கேட்கிறார்கள். பணம் பிடுங்கும் வேலை அல்ல அது. நுரையீரலுக்குப் போய்விட்ட நோய்க்கு மடியை மட்டும் அறுத்து என்ன பயன்?

தெருநாய்களிடம், இனச்சேர்க்கையில் தொற்றி, பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போல் சதை வளர்ந்து ரத்தம் சொட்டும் டி.வி.டி. (TVT) என்ற கட்டிக்கு இங்கே நல்ல வைத்தியம். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து, கிலோவுக்கு 0.025 மில்லிகிராம், வாரம் ஒரு முறை, பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம். 16 கிலோ நாய்க்கு 0.4 மில்லிகிராம். ஒவ்வொரு முறையும் முதலில் வெள்ளணு எண்ணிக்கை, பிறகு புதிதாகப் போட்ட கேனுலா, சலைன் விட்டு நரம்பு சரியா என்று பார்த்த பிறகே மருந்து. நரம்புக்கு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதை அழுகிவிடும். சதை சுருங்கியதும் இரண்டாவது வாரத்தோடு நிறுத்துபவர்கள் உண்டு, திரும்ப வரும்.

குறை இரண்டு. ஊசி எடுத்த ஸ்லைடையும் ஃபார்மலின் பாட்டிலையும் ஒரே பெட்டியில் போட்டு லேபுக்கு அனுப்பினார்கள். ஃபார்மலின் ஆவி பட்டால் ஸ்லைடில் சாயம் சரியாக ஏறாது. "மறுபடி எடுத்து அனுப்பவும்" என்று ரிப்போர்ட் வரும்.

இரண்டாவது பெரிய குறை. டாக்டர் இல்லாத வேளையில், கழுத்தில் நெறி கட்டி வந்த நாய்க்கு உதவியாளர் ஸ்டீராய்டு போட முனைகிறார். வீக்கம் வடியும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். ஆனால் லிம்ஃபோமாவாக (நெறியில் வரும் புற்று) இருந்தால் அடையாளமே மறைந்துபோகும். பிறகு கொடுக்கும் கீமோவும் சரியாகப் பிடிக்காது. உண்ணிக் காய்ச்சலிலும் நெறி கட்டும் என்பதால் முதலில் ரத்தப் பரிசோதனையும் ஊசியும்; ஸ்டீராய்டு அதற்குப் பிறகுதான்.

பெரிய ஜாதி நாய் காலை நொண்டி, வலி மாத்திரைக்கும் இரண்டு வாரமாக அடங்கவில்லை என்றால் அந்தக் காலுக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். எலும்புப் புற்று என்று தெரிந்தால் இங்கே காத்திருக்க வேண்டாம். 1903-இல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், சுமார் 140 கிலோமீட்டர். அளவுத் தாள், எக்ஸ்ரே, ரத்த ரிப்போர்ட் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்; ஸ்லைடு மட்டும் தனி டப்பாவில்.