ஆன்ஃபீல்டா, டோர்ட்மண்டா: ஆட்ட நாளில் எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது?

இங்கிலாந்தில் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு கால்பந்து மைதானத்திலும் ஜெர்மனியில் டோர்ட்மண்டின் வெஸ்ட்ஃபாலன் மைதானத்திலும் ஆட்டம் தொடங்கும் முன் ரசிகர்கள் கழுத்துத் துண்டை உயர்த்திப் பிடித்துப் பாடுவது ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ என்ற ஒரே பாடலைத்தான். 2016 ஏப்ரலில், ஐரோப்பா லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில் லிவர்பூல் 4-3 என வென்ற இரவில், இரு தரப்பினரும் அதைச் சேர்ந்தே பாடினார்கள். யூர்கன் குளோப் இரண்டு கிளப்புகளுக்கும் பயிற்சியாளராக இருந்தவர் என்பதால் இந்த உறவு இன்னும் நெருக்கமானது. இவ்வளவு ஒற்றுமை இருந்தும், அந்தப் பாட்டுக்கு முந்தைய மூன்று நான்கு மணி நேரத்தை இரண்டு ஊர்களும் கழிக்கும் விதம் முற்றிலும் வேறு. எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது, எப்போது உள்ளே போவது என்ற கேள்விகளுக்கு அவை தரும் விடைகளை எதிரெதிரே வைத்துப் பார்த்தால், இந்த வேறுபாட்டுக்கு ரசனையைவிடச் சட்டமே பெரிய காரணம் என்று நான் கருதுகிறேன்.

இங்கிலாந்தில் 1985இல் வந்த ஒரு சட்டப்படி, பெரிய லீக் ஆட்டங்களில் ஆடுகளம் கண்ணில் படும் எந்த இடத்திலும் ரசிகர் மது அருந்தக் கூடாது. கேலரிக்குப் பின்னால் உள்ள நடைக்கூடத்தில் பீர் விற்கலாம், அங்கே நின்று குடிக்கலாம்; ஆனால் கோப்பையுடன் படியேறி இருக்கைக்குப் போக முடியாது. ரசிகர்களை ஏற்றிச் செல்லும் வாடகைப் பேருந்திலும் மதுவுக்கு இடமில்லை. இதே கட்டுப்பாடு கிரிக்கெட்டுக்கும் ரக்பிக்கும் கிடையாது. லார்ட்ஸ் மைதானத்தில் ஒருவர் நாள் முழுவதும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே டெஸ்ட் ஆட்டம் பார்க்கலாம். ஜெர்மனியில் இப்படி நாடு தழுவிய தடை இல்லை. டோர்ட்மண்டில் பீர் கோப்பை ரசிகரோடு கேலரிக்குள்ளேயே போகிறது. கோல் விழுந்தால் மேலே பறந்து முன்வரிசைக்காரரின் தலையிலும் இறங்குகிறது.

சட்டம் கோப்பையை ஆடுகளத்திலிருந்து விலக்கியதால், லிவர்பூலில் ஆட்ட நாளின் உயிர் மைதானத்துக்கு வெளியே, அதைச் சூழ்ந்த தெருக்களில் இருக்கிறது. ஆன்ஃபீல்டு வரிசை வீடுகளுக்கு நடுவே நிற்கும் மைதானம். அதன் நிழலிலேயே சாண்டன், ஆல்பர்ட், ஆர்கிள்ஸ் போன்ற பப்கள் இருக்கின்றன. இவற்றில் சாண்டனுக்கு உள்ள வரலாறு வேறெந்த பப்புக்கும் வாய்க்காதது. 1884 முதல் 1892 வரை ஆன்ஃபீல்டில் ஆடிய அணி எவர்டன். அதன் தலைவர் ஜான் ஹோல்டிங் பீர் ஆலை வைத்திருந்தவர். சாண்டன் விடுதியும் அவருடையது, வீரர்கள் உடை மாற்றியதும் அங்கேதான். மைதான வாடகை, சிற்றுண்டியும் பானமும் விற்கும் உரிமை ஆகியவற்றில் அவருக்கும் மற்ற உறுப்பினர்களுக்கும் மூண்ட பிணக்கில் எவர்டன் வெளியேறி குடிசன் பார்க்குக்குப் போனது. வெற்று மைதானத்துடன் மிஞ்சிய ஹோல்டிங், 1892இல் தொடங்கியதுதான் லிவர்பூல் கிளப். அதாவது, ஆட்ட நாளில் பானத்தை யார் விற்பது என்ற வழக்கு அந்தக் கிளப்பின் பிறப்பிலேயே கலந்திருக்கிறது.

டோர்ட்மண்டின் பிறப்பும் ஒரு மதுக்கடையில்தான் நிகழ்ந்தது. தேவாலய இளைஞர் சங்கத்தில் இருந்த பையன்கள் கால்பந்து ஆடுவதையும் அதற்காக மதுக்கடையில் கூடுவதையும் பாதிரியார் விரும்பவில்லை. 1909 டிசம்பர் 19 அன்று, போர்சிக்பிளாட்ஸ் சதுக்கத்துக்கு அருகே ‘சும் வில்ட்ஷூட்ஸ்’ என்ற கடையின் மாடியில் கூடிய அவர்கள், கூட்டத்தைக் கலைக்க வந்தவரை வாசலிலேயே தடுத்துவிட்டுக் கிளப்பைத் தொடங்கினார்கள். ஆனால் இன்றைய ஆட்ட நாளில் அந்தச் சதுக்கம் மையம் அல்ல. 1974இல் திறக்கப்பட்ட மைதானம் ஊரின் தெற்கே, கண்காட்சி அரங்குகளுக்கும் பூங்காவுக்கும் பக்கத்தில் இருக்கிறது. ஆன்ஃபீல்டைப் போல வீடுகளின் மடியில் இல்லை. எனவே ரசிகர்கள் முதலில் நகர நடுவே ஆல்டர் மார்க்ட்டிலோ, மைதானத்துக்குப் போகும் வழியில் உள்ள குரோய்ஸ்ஃபியர்டல் பகுதியின் கடைகளிலோ கூடி, பிறகு மஞ்சள் வெள்ளமாக நடந்தே போகிறார்கள். இந்த நடைதான் அவர்களுடைய சடங்கு. ஆட்டச் சீட்டே உள்ளூர் ரயிலுக்கும் பேருந்துக்குமான பயணச் சீட்டாகவும் செல்லும் என்பதால், குடித்தவர் வண்டி ஓட்டும் பேச்சே எழுவதில்லை. இங்கிலாந்தின் கிளப்புகள் எல்லாம் இதைப் பின்பற்ற வேண்டும் என்று மனமாரச் சொல்வேன்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஆன்ஃபீல்டில் சாப்பிட வேண்டிய இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், தயங்காமல் ஓக்ஃபீல்டு சாலையில் உள்ள ஹோம்பேக்டு பேக்கரியைச் சொல்வேன். தலைமுறைகளாக அங்கே இயங்கிய மிட்செல்ஸ் பேக்கரி மூடப்பட்டபோது, புனரமைப்புத் திட்டம் என்ற பெயரில் சுற்றுப்புற வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. கலைஞர் ஒருவரின் முயற்சியில் கூடிய அப்பகுதி மக்கள், அதைக் கூட்டுறவுப் பேக்கரியாக 2013இல் மீண்டும் திறந்தார்கள். ஆட்ட நாளில் அந்தச் சிறிய கடையின் வாசலிலிருந்து வரிசை நடைபாதையில் நீள்கிறது. புகழ்பெற்ற பயிற்சியாளர் பில் ஷாங்க்லியின் பெயரைத் தாங்கிய ‘பை’யைத்தான் (pie) பலரும் கேட்கிறார்கள். நன்கு வெந்த மாட்டிறைச்சியைக் கெட்டிக் குழம்போடு மாவு உறைக்குள் வைத்துச் சுடும் பதார்த்தம் அது. அதன் மேல்மூடி மொறுமொறுப்பாகவும், அடிப்பகுதி குழம்பில் ஊறியும் ஒழுகாமலும் இருக்க வேண்டும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு நடந்தபடியே தின்ன முடியாத பை, மைதானத்துக்கு ஏற்ற பை அல்ல. இந்தக் கடையில் கொடுக்கும் காசு அந்தத் தெருவிலேயே தங்குகிறது என்பதும் எனக்கு முக்கியமான காரணம்.

மைதானத்துக்குள் கிடைக்கும் பைக்கு இந்தப் பெருமை இல்லை. சூட்டுப் பெட்டியில் மணிக்கணக்கில் காத்திருந்த பையின் உறை தளர்ந்துபோகும், நடுவே நாக்கைச் சுடும். இடைவேளை 15 நிமிடம். அதற்குள் ஆயிரக்கணக்கானோர் நடைக்கூடத்தில் இறங்கி, கழிப்பறைக்கு ஒரு வரிசை, பீருக்கு ஒரு வரிசை என நின்று, வாங்கிய பீரைப் படிக்கட்டில் ஏறும் முன்பே கவிழ்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மெல்லக் குடிக்க வேண்டியதை அவசரமாக விழுங்க வைக்கும் ஏற்பாடு எந்த வகையில் ஒழுங்கைக் காக்கிறது என்பது எனக்குப் புரியவில்லை. 2019இல் திறக்கப்பட்ட, லண்டனின் டாட்டனம் கிளப் மைதானத்தைப் பாருங்கள். டோர்ட்மண்டின் தெற்குக் கேலரியை முன்மாதிரியாகக் கொண்டு 17,500 பேருக்கு ஒற்றை அடுக்குக் கேலரி கட்டி, அதற்குப் பின்னால் 65 மீட்டர் நீளத்தில் பீர் மேடையும் போட்டார்கள். கேலரியைக் கொண்டுவர முடிந்தது. கோப்பையை அதற்குள் கொண்டுபோகச் சட்டம் இடம் தரவில்லை.

டோர்ட்மண்டில் சாப்பாடு எளியது; தேர்வு அதிகமில்லை, ஆனால் செய்வதைத் திருத்தமாகச் செய்கிறார்கள். மைதானத்தை ஒட்டிய ஸ்ட்ரோபல் சாலையின் கடைகளிலும் மைதானத்துக்குள்ளும் பிராட்வுர்ஸ்ட் எனப்படும் சாசேஜைக் கம்பி வலையில் கண்ணெதிரே வாட்டுகிறார்கள். தோல் வெடித்துக் கொழுப்பு கசியும் தருணத்தில் எடுத்து, அதன் நீளத்தில் பாதிகூட இல்லாத உருண்டை ரொட்டியின் நடுவே செருகித் தருவார்கள். இரு முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே கடுகுச் சாந்தைத் தடவிக்கொள்வது நம் வேலை. தட்டும் வேண்டாம், கரண்டியும் வேண்டாம். வலையிலிருந்து கைக்கு வர ஒரு நிமிடம்கூட ஆகாததால் வரிசை நகர்ந்துகொண்டே இருக்கும். சூட்டுப் பெட்டியில் காத்திருக்கும் பைக்கும் நெருப்பிலிருந்து நேரே கைக்கு வரும் சாசேஜுக்கும் இடையே ஒப்பிட எதுவும் இல்லை. மைதானத்துக்குள் உண்பதில் டோர்ட்மண்டே மேல்.

பீரிலும் அப்படித்தான். பிரிங்க்ஹாஃப்ஸ் என்ற உள்ளூர் பீரைத் தடித்த பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றி, கோப்பைக்கு டெபாசிட் வாங்கிக்கொள்கிறார்கள்; திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பும். எங்கும் குப்பை குவியாமல் இருப்பதற்கு இந்தச் சின்ன ஏற்பாடு போதுமானதாக இருக்கிறது. 81,000க்கும் மேற்பட்டோர் கூடும் இடத்தில், ஏறத்தாழ 25,000 பேர் நின்றபடி பார்க்கும் தெற்குக் கேலரியில், ரசிகர் ஒரு கோப்பையை ஆட்டத்தின் பாதி நேரம் வைத்துக்கொண்டிருக்க முடிகிறது. பக்கத்து ஊரான கெல்சன்கிர்ஷனில் ஷால்க கிளப்பின் மைதானத்தில் பீரைக் கொண்டுசெல்ல 5 கிலோமீட்டருக்கும் நீளமான குழாயையே பதித்திருக்கிறார்கள். இது அந்த வட்டாரத்தில் பீரும் கால்பந்தும் எவ்வளவு பிரிக்க முடியாதவை என்பதைக் காட்டும். குறைகளும் உண்டு. கோல் விழுந்ததும் பீர் மழையில் நனைவது எல்லோருக்கும் உவப்பானதல்ல. குழந்தையோடு போகிறவர் உட்காரும் கேலரியைத் தேர்வதே நல்லது. பதற்றம் மிகுந்தது எனக் கருதப்படும் ஆட்டங்களில் மது அளவு குறைந்த பீரோ மது இல்லாத பீரோ மட்டுமே தரப்படுவதும் ஜெர்மனியில் வழக்கம்.

இங்கிலாந்தின் தடையை நீக்க வேண்டுமா என்ற விவாதத்தில், லிவர்பூலின் காயத்தை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. 1989 ஏப்ரல் 15 அன்று ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரசிகர்கள் உயிரிழந்தார்கள். குடித்துவிட்டு வந்த ரசிகர்களே காரணம் என்று காவல்துறை பழி சுமத்தியது. இறந்தவர்களின், சிறுவர்கள் உட்பட, இரத்தத்தில் மது இருக்கிறதா என்றுகூடச் சோதித்தார்கள். 2012இல் தனிக் குழுவின் அறிக்கை அந்தப் பழியைப் பொய்யென்று காட்டியது; 2016இல் விசாரணை நடுவர்கள், அவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்களின் நடத்தை அதற்குக் காரணமல்ல என்று தீர்ப்பளித்தார்கள். கால்பந்து ரசிகர் என்றாலே குடிகாரர் என்ற அந்த நாள் எண்ணத்தின் மிச்சம் 1985 சட்டத்தில் இன்னும் இருக்கிறது என்பதால்தான், கிரிக்கெட்டுக்கு ஒரு நீதி, கால்பந்துக்கு ஒரு நீதி என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021இல் அரசு அமைத்த ரசிகர் சார்பு ஆய்வு, கீழ் லீக்குகளில் சோதனை முறையில் தளர்த்திப் பார்க்கலாம் என்று பரிந்துரைத்தது; 2025இல் சில மகளிர் கிளப்புகள் ஆடுகளம் தெரியும் இடத்தில் பீர் அருந்த அனுமதித்துச் சோதித்தன. ஆண்கள் கால்பந்தில் சட்டம் அப்படியே நிற்கிறது.

நம்மவர்களுக்கு ஒரு குறிப்பு. மாட்டிறைச்சியோ பன்றியிறைச்சியோ சாப்பிடாதவர் இரு ஊர்களிலும் விசாரித்தே வாங்க வேண்டும். ஷாங்க்லி பை மாட்டிறைச்சி, பிராட்வுர்ஸ்ட் பெரும்பாலும் பன்றி. சைவர்களுக்கு லிவர்பூலில் வழி சற்று எளிது. மைதானத்தைச் சுற்றியுள்ள மீன் வறுவல் கடைகளில் உருளைக்கிழங்கு வறுவலுக்கு மேல் ‘கறி சாஸ்’ எனப்படும் மசாலாச் சாறு ஊற்றித் தருவார்கள். நம் குழம்புக்கும் அதற்கும் உறவில்லை என்றாலும், கடற்காற்று வீசும் குளிரில் சூடாக இறங்கும். எந்த எண்ணெயில் பொரித்தது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் வடக்கே மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இன்னும் உண்டு. டோர்ட்மண்டில் பிரெட்ஸலும் உருளை வறுவலும்தான் கைகொடுக்கும்.

லிவர்பூலில் இன்னொரு சடங்கைத் தவறவிடக் கூடாது. பசிக்குக் கிளப் நிறம் கிடையாது என்று சொல்லி, லிவர்பூல் ரசிகர்களும் எவர்டன் ரசிகர்களும் 2015இல் சேர்ந்து தொடங்கிய உணவு வங்கி இயக்கம், ஆட்டத்துக்கு முன் மைதான வாசலில் உணவுப் பொருள்களைத் திரட்டுகிறது. பப்புக்குப் போகும் வழியில் ஒரு டப்பா பீன்ஸையோ ஒரு பொட்டலம் பாஸ்தாவையோ கொடுத்துவிட்டுப் போவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. ஜெர்மனியில் இதற்கு இணையாகச் சொல்லத்தக்கது, ஹாம்பர்க்கின் சங்க்ட் பவுலி மைதானத்தில் டெபாசிட் கோப்பைகளை ரசிகர்களிடமிருந்து நன்கொடையாகப் பெற்றுக் குடிநீர்த் திட்டங்களுக்குப் பணம் சேர்க்கும் ஏற்பாடு.

ஆகவே என் தீர்ப்பு இரண்டாகப் பிரிகிறது. வெளியே உண்ணவும் பேசவும் லிவர்பூல். உள்ளே உண்ணவும் குடிக்கவும் டோர்ட்மண்ட். ஆன்ஃபீல்டுக்குப் போகிறவர் மூன்று மணி நேரம் முன்னதாகவே தெருவுக்கு வந்து, பேக்கரியிலும் பப்பிலும் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, இடைவேளையில் இருக்கையை விட்டு எழாமலிருப்பதே உத்தமம். தொலைக்காட்சிக்காக ஆட்டம் பகல் 12:30க்கு மாற்றப்பட்டிருந்தால், பப்பை ஆட்டத்துக்குப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் காலைச் சிற்றுண்டியோடு தொடங்குங்கள். டோர்ட்மண்டில் வழக்கமான 15:30 ஆட்டத்துக்கு, நகரத்தில் ஒரு கோப்பையோடு நிறுத்திப் பசியை மிச்சம் வைத்து நடந்து, ஒன்றரை மணி நேரம் முன்பே தெற்குக் கேலரிக்குள் நுழைந்துவிட வேண்டும். நிற்கும் பகுதியில் முன்னால் வருபவருக்கே பார்வை மறைக்காத படி கிடைக்கும், சாசேஜ் வரிசையும் அப்போது குறைவாகத்தான் இருக்கும்.