முப்பது வருடமாக என் தோளில் தொங்கும் அலெம்பிக்

1992-ல் சான் பிரான்சிஸ்கோவில் பழையதாக வாங்கிய அலெம்பிக் சீரிஸ் ஒன் பேஸ் கிட்டார், கலிபோர்னியாவில் கையால் செய்தது. கழுத்தைத் தனியாகத் திருகி மாட்டவில்லை, நீள மரத்துண்டுகளை ஒட்டிச் செய்த ஒரே கட்டையாக அது உடலின் அடிவரை ஓடுகிறது, தாழ்ந்த ஈ (E) சுரத் தந்தியை ஒரு முறை மீட்டினால் நாதம் அடங்கவே நேரமாகிறது, அந்தச் சுகத்துக்கே வாங்கலாம். தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் இரண்டு பிக்கப்புக்கும் நடுவில் இரைச்சலை அடக்க ஒரு தனிச் சுருள், ரெக்கார்டிங்கில்தான் அதன் அருமை தெரியும். கனம் உண்டு, அகலமான வார் இல்லாமல் மூன்று மணி நேரக் கச்சேரிக்கு நிற்காதீர்கள். கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளான ஃப்ரெட்டுகளை இரண்டு தடவை மாற்றியாயிற்று, கழுத்து இன்னும் நேராகத்தான் இருக்கிறது. அப்புறம், என் முன்கை உரசும் இடத்தில் மெருகு தேய்ந்து மரம் தெரிகிறது, அதை மட்டும் யாரையும் தொட விடமாட்டேன்.