வேலியோர அரளி: பல வருடம் வளர்த்த அனுபவம்

வேலியோரமாக வரிசையாக அரளி வைத்துப் பல வருடம் ஆகிறது. இளஞ்சிவப்பு அடுக்குப் பூவும் வெள்ளை ஒற்றைப் பூவும் கலந்து நிற்கின்றன. வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், தண்ணீருக்கு அல்லாடக் கூடாது என்று செடி தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தண்ணீர் விஷயத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. நட்ட முதல் வருடம் மண் காயும்போதெல்லாம் ஊற்றினேன். வேர் பிடித்த பிறகு, கடும் கோடையில் எப்போதாவது ஒரு முறை நன்றாக நனையப் பாய்ச்சுவதோடு சரி. இலையின் பின்பக்கத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தால் பொடிப்பொடியாகக் குழிகள் தெரியும், அவற்றுக்குள் மெல்லிய ரோமம். இலை மூச்சு விடும் துளைகள் அந்தக் குழிகளில் ஒளிந்திருப்பதால் அனல்காற்று வீசினாலும் ஈரம் சட்டென்று போய்விடுவதில்லை. மண் எதுவானாலும் பரவாயில்லை, நீர் தேங்காமல் இருந்தால் போதும். வெயில் மட்டும் கட்டாயம். மரநிழலில் மாட்டிக்கொண்ட கடைசிச் செடி ஒல்லியாக உயர்ந்ததே தவிர, பூ என்று பார்த்தால் ஒன்றிரண்டு கொத்துதான்.

விட்டால் பத்தடிக்கு மேல் போகும், அதனால் கவாத்து தேவை. புதுத் தளிரின் நுனியில்தான் பூக்கும் என்பதால் ஒரு சுற்றுப் பூத்து ஓய்ந்ததும் வெட்டுகிறேன். ஒவ்வொரு கணுவிலும் பெரும்பாலும் மூன்று இலைகள் இருக்கும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு மூன்று கிளைகள் பிரிந்து புதர் அடர்த்தியாகிறது. உரம் அதிகமாகப் போட்டால் இலைதான் கொழிக்கும்.

பூச்சி என்றால் அசுவினிதான். பளிச்சென்ற மஞ்சள் உடம்பும் கறுப்புக் காலுமாக மொட்டைச் சுற்றி மொய்க்கும். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பெரும்பாலும் உதிர்ந்துவிடும். சில சமயம் தலைப்பக்கம் இரண்டு கண் வரைந்தது போன்ற கொழுத்த பச்சைப் புழு வரும். அது அரளி அந்துப்பூச்சியின் புழு. கொஞ்சம் இலை தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்று நான் விட்டுவிடுவேன்.

இனி விஷம். உண்மையில் இந்தச் செடியால் நமக்கு வரும் வேலையெல்லாம் இங்கேதான். இலை, பூ, பட்டை, வேர், விதை என்று எதுவும் விலக்கில்லை. இதிலுள்ள ஒலியாண்ட்ரின் போன்ற பொருட்கள் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். வெட்டும்போது பிசுபிசுப்பான சாறு வரும், தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். அதனால் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி. முடிந்ததும் கைக்கும் கத்தரிக்கும் சோப்பு.

வெட்டிய குப்பைதான் பெரிய தலைவலி. காய்ந்தாலும் விஷம் போகாது. பச்சை இலை கசப்பதால் ஆடு மாடு பொதுவாக ஒதுக்கிவிடும்; காய்ந்து வைக்கோலோடு கலந்துவிட்டால் தெரியாமல் தின்றுவிடலாம். எரிக்கவே கூடாது, புகையும் கெடுதல். காய்கறிப் பாத்தியில் மண்ணை மூடிவைக்கும் மூடாக்காகவும் நான் போடுவதில்லை. வெட்டிய அன்றே மூட்டை கட்டி அப்புறப்படுத்திவிடுகிறேன். நேராக இருக்கிறதே என்று குச்சியை எடுத்து அடுப்பில் எதையாவது குத்திச் சுடுவது, பல் துலக்குவது எல்லாம் ஆபத்து. புதுச் செடிக்காக வெட்டிய கிளைத்துண்டை, அதாவது போத்தை, தண்ணீரில் போட்டு வைத்தால் சுலபமாக வேர் விடும், ஆனால் அந்தத் தண்ணீரும் விஷம்தான். பாட்டிலில் பெயர் எழுதி, கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கிறேன்.

யாராவது தின்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நாமாக வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். புனல் மாதிரிப் பூக்கும் மஞ்சள் அரளி வேறு செடிதான், அதற்கும் இதே எச்சரிக்கை.

பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடு, வெயில் காயும் நீளமான வேலி என்றால் தயங்காமல் வைக்கலாம். எதையும் வாயில் வைக்கும் வயதில் குழந்தையோ, கண்டதையும் கடிக்கும் நாய்க்குட்டியோ இருந்தால் இப்போதைக்குக் காகிதப்பூ வையுங்கள். அதுவும் வறட்சி தாங்கும். கவாத்து செய்யும்போது முள் குத்தும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.